பிள்ளையின் மனச்சோர்வுக்கு வைட்டமின் டி மாத்திரை போதுமா?

சென்னையில் பல வீடுகளில் இது நடக்கிறது. பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற பிள்ளை சில வாரங்களாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. டியூஷன் விட்டு வந்தால் நேராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது. எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறது. வீட்டில் ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்கிறார்கள். 'ஃபுல் பாடி செக்கப்' பேக்கேஜில் வைட்டமின் டி-யும் சேர்ந்தே இருக்கிறது. ரிப்போர்ட்டில் 14 என்றோ 17 என்றோ தடித்த எழுத்தில் ஓர் எண் வருகிறது. 'அப்பாடா, காரணம் கிடைத்துவிட்டது' என்று வீடே மூச்சு விடுகிறது. வாரத்துக்கு ஒரு சாஷே வைட்டமின் டி பொடி என்று தொடங்கிவிடுகிறார்கள்.

வைட்டமின் டி எடுத்துக்கொண்ட வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு குறைந்தது என்ற செய்தியும் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வருகிறது. அதைப் படித்த பெற்றோரின் குழப்பம் நியாயமானது. ஆனால் அந்த ஒரு செய்திக்குள் மூன்று கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

1. பிள்ளைக்கு வைட்டமின் டி குறைவாக இருக்கிறதா?
2. மனச்சோர்வு அந்தக் குறைவால்தான் வந்ததா?
3. குறைவைச் சரிசெய்தால் மனச்சோர்வு போகுமா?

முதல் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் மற்ற இரண்டுக்கும் தானாகவே ஆம் என்று எடுத்துக்கொள்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் சொற்கள்

தமிழில் 'மன அழுத்தம்' என்ற சொல்லை இரண்டு வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். தேர்வு, வேலை, கடன் போன்றவை தருகிற நெருக்கடி ஒன்று. அது ஆங்கிலத்தில் ஸ்ட்ரெஸ். இன்னொன்று டிப்ரஷன் என்கிற நோய். அதற்கு 'மனச்சோர்வு' என்ற சொல்லையே இந்தக் கட்டுரையில் வைத்துக்கொள்வோம். பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி நேரம், குறைந்தது இரண்டு வாரம் மனம் தாழ்ந்தே இருப்பது, பிடித்தவற்றில்கூட நாட்டம் போய்விடுவது ஆகியவை இதன் மைய அடையாளங்கள். தூக்கம், பசி, கவனம், உடல் தெம்பு ஆகியவையும் மாறும். 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் வரும். சிலருக்குச் சாக வேண்டும் என்ற நினைப்பும் வரும்.

வளரிளம் பருவத்தில், அதாவது 10 முதல் 19 வயது வரை, இதில் ஒரு வேறுபாடு உண்டு. சோகம் எரிச்சலாக வெளிப்படலாம். அழுகிற பிள்ளையைப் பார்த்துக் கவலைப்படுகிற வீடு, கத்துகிற பிள்ளையைத் திமிர் பிடித்தது என்று ஒதுக்கிவிடும். இரண்டும் ஒரே நோயாக இருக்கக்கூடும்.

இன்னொரு வேறுபாட்டையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 'மனச்சோர்வு அறிகுறிகள்' என்பது ஒரு கேள்வித்தாளில் கிடைத்த மதிப்பெண். 'மனச்சோர்வு நோய்' என்பது மருத்துவர் பேசிப் பார்த்து முடிவு செய்வது. செய்திகளில் வரும் ஆய்வுகளில் பல முதலாவதைத்தான் அளக்கின்றன.

வைட்டமின் டி-யைப் பொறுத்தவரை, பெயர்தான் வைட்டமின், வேலையில் அது ஒரு ஹார்மோனுக்கு முந்தைய பொருள். டி2 காளான் போன்றவற்றிலிருந்து கிடைப்பது. டி3 நம் தோலில் உருவாவது, மீனிலும் முட்டையிலும் இருப்பது. கடையில் வாங்கும் சாஷேயில் பொதுவாக இருப்பது டி3. அளவை 'யூனிட்' என்று சொல்வார்கள். 40 யூனிட் சேர்ந்தால் 1 மைக்ரோகிராம். 60,000 யூனிட் என்று பெரிதாகத் தெரிவது உண்மையில் 1.5 மில்லிகிராம்தான்.

தோல், கல்லீரல், சிறுநீரகம்

தோலில் கொலஸ்ட்ராலுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருள் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில், 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட 'யுவி-பி' கதிர் அதன்மேல் படும்போது அது மாறி, உடல் சூட்டில் டி3 ஆகிறது. அது கல்லீரலுக்குப் போய் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி ஆகிறது. லேப் ரிப்போர்ட்டில் இருக்கும் எண் இதன் அளவுதான். இங்கிருந்து சிறுநீரகத்துக்குப் போய்க் கால்சிட்ரியால் என்ற வேலை செய்யும் வடிவத்தை அடைகிறது.

கால்சிட்ரியாலின் முதன்மை வேலை, குடல் கால்சியத்தை உறிஞ்ச உதவுவது. இது குறைந்தால் வளரும் எலும்பு வலுவாகாது. சிறு பிள்ளைகளுக்குக் கால் எலும்பு வளைகிற ரிக்கெட்ஸ் நோய் வரும். வளர்ந்தவர்களுக்கு எலும்பு மென்மையாகி வலி எடுக்கும், தொடைத் தசைகள் தளர்ந்து படி ஏறுவதே சிரமமாகும். இதிலெல்லாம் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. வளர்ச்சி வேகமெடுக்கும் 12 முதல் 16 வயது வரை எலும்புக்காக மட்டுமேகூட இந்தச் சத்து முக்கியம்.

வெயில் கொளுத்தும் ஊரில் குறைபாடா?

சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் வைட்டமின் டி உருவாகப் போதுமான யுவி-பி இங்கே விழுகிறது. ஐரோப்பாவின் குளிர்காலம் மாதிரி, மாதக்கணக்கில் தோல் வேலையே செய்யாத காலம் நமக்கு இல்லை. ஏறக்குறைய இதே அகலாங்கில் இருக்கும் திருப்பதியில், தோலில் உள்ள மூலப்பொருளைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். காலை 11 மணி முதல் மதியம் 2 மணி வரைதான் மாற்றம் நன்றாக நடந்தது.

'காலை இளவெயிலில் நில்லு, வைட்டமின் டி கிடைக்கும்' என்று காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் ஆறரை, ஏழு மணி வெயில் சாய்ந்து வருகிறது. யுவி-பி கதிர் நீண்ட காற்றுமண்டலப் பாதையைக் கடப்பதற்குள் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடுகிறது. அந்த வெயில் தூக்க நேரத்தை ஒழுங்குபடுத்தும், மனதுக்கும் நல்லது. வைட்டமின் டி மட்டும் அதில் மிகக் குறைவு. எளிய அடையாளம் ஒன்று உண்டு. நம் நிழல் நம் உயரத்தைவிட நீளமாக இருந்தால், அந்த வெயிலில் பெரிதாக எதுவும் கிடைக்காது.

இப்போது ஒரு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையின் நாளை நினைத்துப் பாருங்கள். எட்டு மணிக்கு வேன். பதினொன்றிலிருந்து இரண்டு வரை வகுப்பறை. பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். நான்கு மணிக்குப் பள்ளி விட்டு, ஐந்துக்கு டியூஷன், எட்டுக்கு வீடு. ஞாயிற்றுக்கிழமை நீட் கோச்சிங்கில் மாதிரித் தேர்வு. இத்தனைக்கும் நடுவில் உச்சி வெயில் தோலில் படுகிற நேரம் எங்கே இருக்கிறது? வேன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் சூடு தெரியும். ஆனால் கண்ணாடி யுவி-பி கதிரை உள்ளே விடாது. நம் தோலின் கறுப்பும் அந்தக் கதிரை ஓரளவு தடுக்கும். வெள்ளைத் தோலுக்கு ஆகும் நேரத்தைவிட நமக்குக் கூடுதல் நேரம் தேவை. 'வெயிலில் நிற்காதே, கறுத்துப் போய்விடுவாய்' என்று பெண் பிள்ளைகளிடம் நாம் சொல்லிச் சொல்லி வளர்ப்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

உணவால் ஈடுகட்டுவதும் எளிதல்ல. கானாங்கெளுத்தி, மத்தி போன்ற கொழுப்புள்ள மீன்களில் நல்ல அளவு உண்டு. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட். சைவச் சாப்பாட்டில் இயற்கையாகக் கிடைப்பது மிகக் குறைவு. வைட்டமின் ஏ, டி சேர்த்துச் செறிவூட்டிய பாலும் எண்ணெயும் '+எஃப்' முத்திரையோடு கடைகளில் கிடைக்கின்றன. வாங்கும்போது அதைப் பார்த்து வாங்கலாம்.

எந்த எண்ணுக்குக் கீழே குறைபாடு?

இந்தக் கேள்வியில் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. குடும்பங்கள் பதறுவதற்கு இதுவும் காரணம் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். எண்கள் எல்லாம் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்ற கணக்கில்.

1. 12-க்குக் கீழே இருந்தால் குறைபாடு. இதில் எல்லோரும் உடன்படுகிறார்கள். எலும்புக்கு ஆபத்து உள்ள நிலை இது.
2. 20 இருந்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் போதும் என்று அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2011-ல் சொன்னது.
3. அதே 2011-ல் எண்டோக்ரைன் சொசைட்டி என்ற மருத்துவர் அமைப்பு, 20-க்குக் கீழே குறைபாடு, 30 வரை பற்றாக்குறை என்று வகுத்தது. பல லேப்களின் ரிப்போர்ட்டில் இன்றும் இருப்பது இந்த 30 என்ற கோடுதான்.

2024-ல் அதே எண்டோக்ரைன் சொசைட்டி தன் வழிகாட்டுதலைப் புதுப்பித்தது. அதில் 30 என்ற இலக்கைக் கைவிட்டது. எந்தக் காரணமும் இல்லாமல் ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு வழக்கமாக வைட்டமின் டி பரிசோதனை செய்ய வேண்டாம் என்றும் சொன்னது. கோடு நகர்ந்துவிட்டது, ரிப்போர்ட் தாள் மாறவில்லை. 24 என்று வந்த பிள்ளையை 'குறைபாடு உள்ள பிள்ளை' என்று அழைப்பது அந்தப் பழைய கோட்டை வைத்துத்தான்.

இந்தியாவில் 2016-18-ல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், வளரிளம் பருவத்தினரில் 24 சதவீதத்தினருக்கு வைட்டமின் டி குறைபாடு இருந்தது. அது 12 என்ற கடுமையான கோட்டை வைத்துச் சொன்ன கணக்கு. நான்கில் ஒருவர் என்பது சாதாரண எண்ணிக்கை அல்ல. ஆக, முதல் கேள்விக்கான பதில் பல வீடுகளில் உண்மையாகவே ஆம்தான்.

ஆனால் இதே எண்ணை வேறு பக்கமிருந்தும் பாருங்கள். ஒரு வகுப்பில் நாற்பது பேர் என்றால், பத்துப் பேருக்குக் குறைபாடு இருக்கலாம். மனச்சோர்வோடு இருக்கும் ஒரு பிள்ளையைச் சோதித்தால், அந்தப் பத்தில் ஒன்றாக அது இருப்பதற்கான வாய்ப்பு ஏற்கெனவே கணிசமானது. பரவலாக உள்ள ஒன்று யாரிடம் தேடினாலும் கிடைக்கும். கிடைத்தது என்பதாலேயே அதைக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

மூளையில் இதற்கு என்ன வேலை?

தொடர்பு இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் நினைப்பதற்கு அடிப்படை உண்டு. வைட்டமின் டி போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையிலும் இருக்கின்றன. நினைவோடும் உணர்வோடும் தொடர்புடைய ஹிப்போகேம்பஸ், முன்மூளைப் புறணி ஆகிய பகுதிகளிலும் அவை உண்டு. மனநிலையோடு தொடர்புடைய செரடோனின் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கும் நொதியின் மரபணுவை வைட்டமின் டி தூண்டலாம் என்று ஒரு கருதுகோள் இருக்கிறது. உடலில் அழற்சியைக் குறைப்பதன் வழியாகவும் உதவலாம் என்கிறார்கள்.

இவை எல்லாம் 'இருக்கலாம்' வகையைச் சேர்ந்தவை. ஒரு பொருள் மூளையில் வேலை செய்கிறது என்பதற்கும், அதை மாத்திரையாகக் கொடுத்தால் நோய் குணமாகும் என்பதற்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. மனிதர்களிடம் கொடுத்துப் பார்த்துத்தான் அந்தத் தூரத்தைக் கடக்க முடியும்.

சேர்ந்து வருவதெல்லாம் காரணம் ஆகுமா?

மனச்சோர்வு உள்ளவர்களிடம் வைட்டமின் டி சராசரியாகக் குறைவாக இருப்பதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். அதற்குக் குறைந்தது நான்கு விளக்கங்கள் உண்டு.

1. குறைபாடு மனச்சோர்வைக் கொண்டுவந்திருக்கலாம்.
2. தலைகீழாகவும் நடந்திருக்கலாம். மனம் சோர்ந்த பிள்ளை கிரவுண்டுக்குப் போவதில்லை, மாடிக்குப் போவதில்லை, திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கட்டிலிலேயே கிடக்கிறது. மூன்று மாதம் இப்படிப் போனால் வைட்டமின் டி குறையத்தான் செய்யும்.
3. மூன்றாவது ஒன்று இரண்டையும் கொண்டுவந்திருக்கலாம். நாளெல்லாம் உட்கார்ந்து படிக்க வைக்கிற கால அட்டவணை தூக்கத்தையும் விளையாட்டையும் வெயிலையும் ஒரே நேரத்தில் பறிக்கிறது.
4. உடல் எடை கூடிய பிள்ளைகளுக்கு வைட்டமின் டி கொழுப்பில் தங்கிவிடுவதால் ரத்தத்தில் அளவு குறைவாகத் தெரியும். அதே பிள்ளைகள் வகுப்பில் கேலிக்கும் ஆளாகிறார்கள். மனம் உடைய அது போதும்.

என் பார்வையில், சென்னைப் பிள்ளைகள் விஷயத்தில் இரண்டாவதையும் மூன்றாவதையும் நாம் போதுமான அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு ரத்தப் பரிசோதனையால் இந்த நான்கையும் பிரித்துச் சொல்ல முடியாது.

கொடுத்துப் பார்த்த ஆய்வுகள்

ஈரானின் மஷ்ஹத் பகுதியில் பள்ளி மாணவிகள் 940 பேருக்கு வாரம் 50,000 யூனிட் வீதம் ஒன்பது வாரம் கொடுத்தார்கள். மனச்சோர்வு மதிப்பெண் குறைந்தது. 2018-ல் வெளியானது இது. படித்தால் நம்பிக்கை வரும். ஆனால் இந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. எல்லோருக்குமே மாத்திரை கொடுத்தார்கள். ஒன்பது வாரத்தில் மதிப்பெண் குறைந்தது மாத்திரையாலா, காலம் போனதாலா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

காலம் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு வேறொரு ஆய்வு சான்று. அமெரிக்காவில் 12 முதல் 17 வயதுக்குட்பட்ட, மனச்சோர்வு நோய் உறுதியான 439 பேரை வைத்து நடந்த ஆய்வு 2004-ல் வெளியானது. அதில் ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. 12 வாரத்தில் அந்தக் குழுவிலேயே 34.8 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல்! ஃப்ளூயாக்ஸடின் என்ற மனச்சோர்வு மருந்து மட்டும் எடுத்தவர்களில் 60.6 சதவீதம். மருந்தோடு, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பயிற்சி தரும் சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சையும் பெற்றவர்களில் 71 சதவீதம். யாரோ ஒருவர் வாராவாரம் அக்கறையோடு விசாரிப்பதும், 'இனி சரியாகிவிடும்' என்ற நம்பிக்கையும் வளரிளம் வயதில் வலுவாக வேலை செய்கின்றன. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வில் இந்தப் பலன் முழுவதும் வைட்டமின் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிடும்.

ஜெர்மனியில் நடந்த ஆய்வு இன்னும் நேரடியானது. மனச்சோர்வுக்காக மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 113 சிறுவர் சிறுமியர். எல்லோருக்கும் வைட்டமின் டி குறைவு. வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. அதோடு ஒரு பாதிக்கு 28 நாள் தினமும் 2,640 யூனிட், இன்னொரு பாதிக்குப் போலி மாத்திரை. பிள்ளைகளே நிரப்பிய கேள்வித்தாளில் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. பெற்றோர் மதிப்பிட்டதில் மட்டும் வைட்டமின் குழுவுக்குக் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. 28 நாள் குறைவு என்று வாதிடலாம், அது நியாயமான வாதம். ஆனாலும், குறைபாடும் நோயும் இரண்டுமே உறுதியான பிள்ளைகளிடம்கூடத் தெளிவான பலன் தெரியவில்லை என்பதை ஒதுக்கிவிட முடியாது.

பெரியவர்களிடம் நடந்ததில் மிகப் பெரியவற்றில் ஒன்று வைட்டல் ஆய்வு. அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 18,353 பேர். தினமும் 2,000 யூனிட் அல்லது போலி மாத்திரை, சராசரியாக ஐந்து ஆண்டுக்கும் மேல். புதிதாகவோ மறுபடியுமோ மனச்சோர்வு வந்தவர்கள் வைட்டமின் குழுவில் 609, போலி மாத்திரைக் குழுவில் 625. வித்தியாசம் இல்லை என்றே அர்த்தம். 2020-ல் வெளியானது இது. இவர்களில் பெரும்பாலோருக்குக் குறைபாடே கிடையாது, வயதும் வேறு. ஆகவே இதைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

இன்னொரு பக்கம், 2022-ல் பெரியவர்களைப் பற்றிய 41 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில் வைட்டமின் டி மனச்சோர்வு அறிகுறிகளை ஓரளவு குறைப்பதாகத் தெரிந்தது. ஆனால் ஆய்வுக்கு ஆய்வு முடிவுகள் பெரிதும் வேறுபட்டதால், அந்தச் சான்றின் உறுதி மிகக் குறைவு என்று ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள். தலைப்புச் செய்தியில் முதல் பாதி மட்டும் வந்து சேர்ந்தது.

மதிப்பெண் குறைந்தால் நோய் குறைந்ததா?

மருத்துவமனைகளில் அதிகம் பயன்படும் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாளை எடுத்துக்கொள்வோம். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. அதில் களைப்பு, தூக்கம், பசி, கவனம் ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. வைட்டமின் டி மிகக் குறைந்த பிள்ளைக்கு உடம்பு வலிக்கும், கால் தளரும். சாஷே எடுத்த பிறகு வலி குறைந்து தூக்கம் வந்தால், களைப்புக் கேள்வியிலும் தூக்கக் கேள்வியிலும் இரண்டு மூன்று புள்ளிகள் இறங்கும். அது உண்மையான நன்மைதான். ஆனால் 'நான் தோற்றுப்போனவன்' என்ற எண்ணமும், சாவு பற்றிய கேள்விக்கான பதிலும் அப்படியே இருந்தால்? மொத்த மதிப்பெண் இறங்கியிருக்கும், பிள்ளை அதே ஆபத்தில் இருக்கும்.

தேர்வு காலண்டரும் இதில் விளையாடும். பிப்ரவரியில் முதல் முறை கேள்வித்தாள் கொடுத்து, பொதுத்தேர்வு முடிந்த ஏப்ரலில் மறுபடி கொடுத்தால், எந்த மாத்திரையும் இல்லாமலேயே மதிப்பெண் இறங்கும். அதனால்தான் பள்ளிகளில் நடந்த ஆய்வு பற்றிய செய்தியைப் படித்தால் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: போலி மாத்திரைக் குழு இருந்ததா? சீட்டுக் குலுக்கிப் பிரித்தது போல யாரும் தேர்ந்தெடுக்காத முறையில் பிரித்தார்களா? இரு குழுவையும் ஒரே நேரத்தில் அளந்தார்களா?

சாஷேயில் நடக்கும் தவறு

ஐ.சி.எம்.ஆரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் பரிந்துரைத்த அளவு நாளுக்கு 600 யூனிட். ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் எடுக்கக்கூடிய உச்ச அளவாகச் சொல்லப்படுவது நாளுக்கு 4,000. குறைபாடு உறுதியானால் மருத்துவர்கள் 60,000 யூனிட் சாஷேயை வாரம் ஒன்று வீதம், பெரும்பாலும் எட்டு வாரம் வரை தருவார்கள். பிறகு சிறிய அளவுக்கு மாறுவார்கள்.

அந்த 'வாரம் ஒன்று' வீட்டுக்கு வருவதற்குள் 'தினம் ஒன்று' ஆகிவிடுகிற ஆபத்து உண்டு. மற்ற மாத்திரைகளெல்லாம் தினமும் என்பதால் இதையும் அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு வாரத்தில் 60,000 போக வேண்டிய இடத்தில் 4,20,000 போகிறது. கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் மிச்சம் சிறுநீரில் வெளியேறாது, உடலிலேயே சேரும். ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், போகப்போகச் சிறுநீரகக் கல், சிறுநீரகப் பாதிப்பு.

இதில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது ஒன்று உண்டு. கால்சியம் ஏறினால் சோர்வும் பசியின்மையும் மந்தமும் வரும். அதாவது மனச்சோர்வு மாதிரியே தெரியும். 'இன்னும் சரியாகவில்லையே' என்று வீட்டில் இன்னொரு பெட்டி வாங்கிவிடுவார்கள். வெயிலால் இந்த ஆபத்து கிடையாது. தேவைக்கு மேல் உருவானதைத் தோலே அந்த வெயிலை வைத்தே சிதைத்துவிடும்.

ஒரேயடியாக மிகப் பெரிய அளவு போடுவதும் நல்லதல்ல. ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை 5,00,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு வலுப்படும் என்று எதிர்பார்த்த இடத்தில், விழுவதும் எலும்பு முறிவதும் கூடின. 2010-ல் வெளியான முடிவு இது.

மாத்திரை ஏன் இவ்வளவு எளிதாக வீட்டுக்குள் வருகிறது?

வைட்டமினில் வெட்கம் இல்லை. இதுதான் எனக்குப் படுகிற முதல் காரணம். 'என் பையனுக்கு வைட்டமின் டி கம்மி' என்று பக்கத்து ஃப்ளாட்டில் தயங்காமல் சொல்லலாம். 'என் பையனுக்கு மனச்சோர்வு' என்று சொல்ல நாக்கு எழாது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-ல் தொடங்குகிறது. இத்தனை தலைமுறைக்கு மருத்துவம் பார்த்த இடத்தின் பெயரை இந்த ஊர் வசைச்சொல்லாகப் பயன்படுத்துகிறது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று கிண்டல் செய்து வளர்ந்த நாம், நம் பிள்ளையை அந்தப் பக்கம் அழைத்துப் போகத் தயங்குவதில் வியப்பில்லை. அந்தத் தயக்கத்துக்குச் சாஷே ஒரு மறைப்பாகிவிடுகிறது. எட்டு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கிறோம். நோய் முற்றுவதற்கு அந்த எட்டு வாரம் போதும்.

பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. அந்த நாற்பது பேர் வகுப்பில் கிட்டத்தட்ட மூன்று பேர்.

வீட்டில் செய்யக்கூடியவை

குறைபாட்டைக் குறைபாடாகவே சரிசெய்யுங்கள். அளவு 12-க்குக் கீழே இருந்தால், அல்லது எலும்பு வலி, தசைத் தளர்ச்சி இருந்தால், மருத்துவர் சொன்ன அளவில், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கலாம். வலிப்பு நோய் மாத்திரை எடுக்கும் பிள்ளைகள், குடல், கல்லீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்குப் பரிசோதனை அவசியம். சோர்வுக்காக ரத்தம் எடுக்கும்போது ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள். பெண் பிள்ளைகளின் களைப்புக்கு ரத்தசோகை மிகப் பரவலான காரணம்.

மனதுக்கான விசாரணையை இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்கலாம். பேச்சைத் தொடங்கும் விதத்தில் நிறைய இருக்கிறது. 'ஏண்டா எப்பப் பாத்தாலும் உம்முன்னு இருக்க?' என்று கேட்டால் கதவு மூடிக்கொள்ளும். 'கண்ணா, கொஞ்ச நாளா நீ சரியா தூங்கலன்னு தெரியுது. அம்மாகிட்ட சொல்லணும்னு தோணினப்ப சொல்லு, நான் திட்ட மாட்டேன்' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அன்றே பதில் வராமல் போகலாம். மறுநாளும் உட்காருங்கள்.

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கப் பலர் பயப்படுகிறார்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். அப்படி விதைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிள்ளைக்கு அது ஒரு பாரம் இறங்குகிற கேள்வி. 'ஆமா' என்று பதில் வந்தால் தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள மாத்திரைகள், எலி மருந்து, பூச்சி மருந்து ஆகியவற்றை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

எரிச்சலோ சோகமோ இரண்டு வாரத்தைத் தாண்டினால், படிப்போ தூக்கமோ சாப்பாடோ கெட்டால், குழந்தைகள் நல மருத்துவரிடமிருந்தே தொடங்கலாம். அவர் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டு போட்டால் பார்ப்பார்கள். லேசான நிலையில் பேச்சுச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். மிதமானதிலும் கடுமையானதிலும் மருந்து தேவைப்படலாம். ஏற்கெனவே மருந்து எடுக்கும் பிள்ளை என்றால், வைட்டமின் தொடங்கிவிட்டோம் என்பதற்காக அதை நிறுத்தக் கூடாது. வைட்டமின் எடுப்பதையும் அந்த மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதல் அடியைப் போனிலேயே எடுத்து வைக்கலாம். மத்திய அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனையான டெலி-மானஸ் சேவையின் எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். தேர்வு முடிவு வரும் நாட்களில் மாணவர்களுக்காக அங்கே தனியாகவே ஆலோசகர்கள் பேசுகிறார்கள். பிள்ளைதான் பேச வேண்டும் என்றில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் அம்மாவோ அப்பாவோகூட அழைக்கலாம்.